விற்பதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள்

கேள்வி

ஐயா, நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்தில் 27 ஆடுகளும் 8 செம்மறிகளும் 3 மாடுகளும் வைத்துச் சீவிக்கிறோம். மூன்று கிழமைக்கு முன்னர் லொறியில் ஆடு கொண்டுவந்த ஒரு வியாபாரியிடம் இரண்டு மறிக்குட்டிகளை வாங்கிப் பட்டியோடு விட்டோம். பத்து நாளைக்குள் அந்த இரண்டுக்கும் சொண்டில் கரும்பொருக்கு வந்தது. இப்போது 11 குட்டிகளுக்கு வந்துவிட்டது. இரண்டு குட்டிகள் பால் குடிக்க முடியாமல் செத்துவிட்டன. போன கிழமை ஒரு தாய் மறி மூக்குச்சளியும் வயிற்றோட்டமுமாகக் கிடந்து செத்தது. இன்னொன்றுக்குக் குட்டி கலைந்துவிட்டது. அயலவர்கள் இதை அம்மாள் வருத்தம் என்கிறார்கள். தமிழ்நாட்டு முகாமில் இருந்து திரும்பி வந்த என் மச்சாள், இதை அங்கே ஆட்டுக்கொல்லி என்பார்கள், பட்டியில் ஒன்றும் மிஞ்சாது என்கிறார். அங்கிருந்து தடுப்பூசி எடுப்பித்துத் தரலாம் என்று ஒருவர் சொல்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை வியாபாரி வந்து எல்லாவற்றையும் அரை விலைக்கு ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். விற்றுவிடலாமா? ஆட்டுப்பாலைப் பேரனுக்குக் கொடுக்கலாமா? மகளின் பெருவிரலிலும் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. அது வேறு விஷயம்.

பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன். மகளின் பெருவிரலில் வந்த கொப்புளம் வேறு விஷயமாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். குட்டிகளின் வாயைப் பிடித்துப் பாலூட்டியவர் அவர்தான் என்றால், நீங்கள் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். ஏன் என்று சொல்வதற்கு முன்னர், உங்கள் முதற் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் தருகிறேன்: வெள்ளிக்கிழமை ஓர் ஆட்டையும் லொறியில் ஏற்ற வேண்டாம். ஒரு மிருக வைத்தியர் உங்கள் பட்டிக்கு வந்து பார்த்து, இன்ன நோய் என்று சொல்லும்வரை எந்த ஆடும் உங்கள் வேலியைத் தாண்டக் கூடாது. வெளியில் இருந்து எந்த ஆடும் உள்ளே வரவும் கூடாது.

ஆடுகளின் வாயில் புண் உண்டாக்கும் வைரஸ் நோய்களில் மூன்றை நான் இந்த இடத்தில் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாவது, மருத்துவத்தில் ஓர்ஃப் என்று அழைக்கப்படும் தொற்றுச் சொண்டுப் புண். அம்மை வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ், முள்ளுக் கிழித்த சிறு காயத்தின் வழியாகத் தோலுக்குள் நுழைந்து, சொண்டின் ஓரத்திலும் கடைவாயிலும் கொப்புளமாகி, இரண்டு மூன்று நாட்களில் கறுத்த பொருக்காகக் கட்டிப்போகிறது. சோளகம் வீசும் இந்த மாதங்களில் புல் கருகி, ஆடுகள் விடத்தலையும் காரையையும் சூரையையும் கடித்து வாழ்கிற வன்னிக் காட்டில், வாயில் கீறல் இல்லாத குட்டியைக் காண்பதே அரிது; அந்தக் கீறல் இருக்கிற பட்டிக்குள் பொருக்கோடு ஒரு குட்டி வந்து சேர்ந்தால், இரண்டு மூன்று கிழமைக்குள் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வந்துவிடும். நீங்கள் எழுதிய நாட்கணக்கு இதோடு நன்றாகப் பொருந்துகிறது. மேலும், இந்த வைரஸ் மனிதருக்கும் தொற்றும். கையில் வெட்டுக்காயமோ வெடிப்போ உள்ளவர் பொருக்குள்ள வாயைத் தொட்டால், விரலில் ஒரு சிவந்த வீக்கம் எழும்பி, நடுவில் வெளிறிக் கொப்புளித்து, மூன்று முதல் ஆறு கிழமைக்குள் தானாகவே ஆறும். ஆட்டுக்கொல்லியோ மனிதருக்கு ஒருபோதும் தொற்றுவதில்லை. ஆகவே மகளின் விரல் ஓர்ஃப் பக்கமாகத்தான் சுட்டுகிறது.

மகளை அரச வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியரிடம் முதலாவதாக, "ஆட்டுக்குட்டிக்கு வாய்ப்புண், அதைப் பிடித்த கை இது" என்று சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சீழ்க்கட்டு என்று நினைத்துக் கீறிவிடக்கூடும். கீறினால் ஆறுவதற்கு இன்னும் நாள் எடுக்கும். புண் ஆறும்வரை அவர் குட்டிகளைத் தொடாமல் இருப்பது நல்லது. வீட்டில் நீரிழிவு உள்ளவர்களோ, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களோ இருந்தால் அவர்களும் கொட்டில் பக்கம் போக வேண்டாம்.

இத்தோடு பதிலை முடித்துவிட முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஓர்ஃப் குட்டியைப் பட்டினியால் கொல்லுமே தவிர, வளர்ந்த மறியை மூக்குச்சளியும் வயிற்றோட்டமுமாகக் கிடத்திக் கொல்வது அதன் வழமை அல்ல. செத்த தாய் மறியும், கலைந்த குட்டியும்தான் என் மனதில் நிற்கின்றன. உங்கள் மச்சாளின் பயத்தை நான் தள்ளிவிடாததற்கும் அவையே காரணம்.

ஆட்டுக்கொல்லி என்று தமிழ்நாட்டில் வழங்கும் பி.பி.ஆர். நோய், மனிதரின் சின்னமுத்து வைரசுக்கும் மாடுகளின் வெக்கை நோய் வைரசுக்கும் உறவான ஒரு வைரசினால் வருவது. 1942ஆம் ஆண்டில் மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விபரிக்கப்பட்ட இந்நோய், இந்தியாவில் முதன்முதலாக 1987ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் விழுப்புரம் பக்கத்தில் உள்ள அரசூரில் செம்மறிகளில் கண்டறியப்பட்டது. ஆட்டிடையர்களின் கிடைகள் ஊர் ஊராக நகரும் நாடுகளிலெல்லாம் அது கிடையோடு சேர்ந்தே நகர்ந்திருக்கிறது. நோயையே அறியாத ஒரு பட்டிக்குள் அது நுழைந்தால் பத்தில் எட்டு ஒன்பது ஆடுகளைக்கூடக் கொன்றுவிடக் கூடும். ஆகவே மச்சாள் பார்த்ததைத்தான் சொல்கிறார், மிகைப்படுத்தவில்லை. அதே நேரத்தில், "ஒன்றும் மிஞ்சாது" என்பது எல்லாப் பட்டிக்கும் பொருந்தாது. தீனி நன்றாகக் கிடைத்து, புழு மருந்து நேரத்துக்குக் குடித்து வளர்ந்த ஆடுகளில் கணிசமானவை தப்புவதும் உண்டு, தப்பிய ஆட்டுக்கு வாழ்நாள் முழுவதும் அந்த நோய் திரும்பி வருவதில்லை. தப்பிய ஆடு வைரசை ஒளித்து வைத்துக்கொண்டு திரிவதும் இல்லை.

இரண்டையும் பிரித்தறிவதற்கு நீங்களே செய்யக்கூடிய ஒரு பரிசோதனை இருக்கிறது. கையில் பொலித்தீன் பையையாவது உறையாக மாட்டிக்கொண்டு, குட்டியின் உடம்பை உங்கள் இரண்டு முழங்கால்களுக்கு இடையில் இறுக்காமல் பிடித்து, நாடியை இடக்கையால் தாங்கி, வலக்கைப் பெருவிரலால் கீழ்ச்சொண்டை மெதுவாக வெளியே மடியுங்கள். பொருக்கு சொண்டின் வெளி ஓரத்தில் மட்டும் கட்டி, உள்ளே முரசு (பல் ஈறு) இளஞ்சிவப்பாகச் சுத்தமாக இருந்தால், அது ஓர்ஃப்பாக இருப்பதற்கே சாத்தியம் அதிகம். கீழ்ப்பற்களின் அடியில் முரசிலும், நாக்கின் அடியிலும், கன்னத்தின் உட்புறத்திலும் ஈரமான தவிடு தூவியதுபோல வெளிறிய படிவு ஒட்டியிருந்து, அதைத் துடைத்தால் அடியில் சிவந்த புண் தெரிந்து, வாயில் இருந்து அழுகல் மணமும் வந்தால், அந்தக் குட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கையைச் சவர்க்காரத்தால் கழுவிக்கொண்டு உடனடியாகத் தொலைபேசியை எடுங்கள். ஆட்டுக்கொல்லியில் முதலில் வருவது காய்ச்சல்; அதன் பிறகே கண்ணில் பீளையும் மூக்கில் நீரும், அந்த நீர் தடித்துச் சளியாகி மூக்குத் துவாரத்தை அடைப்பதும், வாய்ப்புண்ணும், வயிற்றோட்டமும், இருமலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காலையில் கொட்டிலைத் திறக்கும்போது இமைகள் பீளையால் ஒட்டிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். காய்ச்சல்மானி இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள், ஆட்டுக்கு 38.5 முதல் 39.5 பாகை வரை வழமையானது, 40ஐத் தாண்டி 41 பாகைவரை போனால் அது காய்ச்சல். வெயிலில் மேய்ந்து வந்த கையோடு பார்த்தால் கணக்குப் பிழைக்கும், விடியற்காலையில் பாருங்கள்.

ஒரு சிக்கலும் உண்டு. ஆட்டுக்கொல்லியில் இருந்து தேறிவரும் ஆடுகளின் சொண்டைச் சுற்றியும் ஓர்ஃப்பைப் போலவே பொருக்குகள் கட்டும். ஒரே பட்டியில் இரண்டு நோயும் ஒன்றாக நிற்கவும் கூடும். படத்தைப் பார்த்தோ கடிதத்தை வாசித்தோ எவராலும் இதைத் தீர்த்துச் சொல்ல இயலாது. நானும் தீர்த்துச் சொல்லவில்லை. செத்த மறிக்கு வைரசே காரணம் என்றும் இல்லை. குடற்புழு மிகுந்து இரத்தம் வற்றிய ஆடும், நுரையீரலில் சளி கட்டிய ஆடும் ஏறக்குறைய அப்படியேதான் சாகும். மற்ற மறிகளின் கீழ் இமையை மடித்துப் பாருங்கள். வெள்ளைக் கடதாசிபோல வெளிறியிருந்தால், அல்லது நாடிக்குக் கீழே நீர் கட்டித் தொங்கினால், புழுவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது நோயை நான் இங்கே சேர்ப்பதற்கு என் அனுபவமே காரணம். பணிக்கு வந்த முதலாவது ஆண்டில், வீதியோரக் கொட்டில் ஒன்றில் நான்கு குட்டிகளின் வாயைப் பார்த்து ஓர்ஃப் என்று சொல்லி, பூசுவதற்கு மருந்தும் கொடுத்துவிட்டு வந்தேன். குளம்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு கிழமைக்குள் அதே வளவில் கட்டியிருந்த பசுக்கள் நொண்டத் தொடங்கின. வாயில் நுரை தள்ளிற்று. அடுத்த பட்டிக்கும் பரவிற்று. அது காலிலும் வாயிலும் புண் உண்டாக்கும் கால்வாய் நோய். ஆட்டிலும் செம்மறியிலும் அது மிக மென்மையாக வந்து, வாயில் சிறு புண்ணோடும் இலேசான நொண்டலோடும் போய்விடும், ஆனால் அந்த ஆட்டில் இருந்து மாட்டுக்குத் தாவும்போது பால் வற்றி, உழவு நின்று, கன்று சாகும். அந்த வீட்டுப் பசுக்கள் நின்ற நிலை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. உங்களிடமும் 3 மாடுகள் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு ஆட்டின் காலையும் தூக்கி, குளம்புப் பிளவின் நடுவிலும் குளம்பும் தோலும் சேரும் விளிம்பிலும் கொப்புளமோ புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக நின்ற இளங்குட்டி திடீரென்று விழுந்து செத்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கால்வாய் நோய் குட்டிகளின் இதயத்தைத் தாக்குவது உண்டு.

அயலவர்கள் அம்மாள் வருத்தம் என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டம்மை என்று தனியாக ஒரு நோய் இருக்கிறது. அதில் பொருக்கு வாயோடு நிற்காமல், மயிர் குறைந்த வால் அடி, மடி, கவட்டுப் பகுதியெங்கும் தடித்த முடிச்சுகளாக எழும்பும். அதையும் பாருங்கள். மற்றப்படி, அம்மாள் வந்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி, வெளியார் உள்ளே வராமலும் வீட்டார் வெளியே போகாமலும் தண்ணீர் வார்க்கும்வரை ஒதுங்கியிருக்கும் நம் வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வற்றாப்பளை அம்மனை நம்பும் ஊரில் நோயுள்ள பட்டியை ஒதுக்கி வைக்கச் சொல்வதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. படலையில் வேப்பிலையைக் கட்டுங்கள். பக்கத்து வீட்டார் தங்கள் ஆடுகளோடு வராமல் இருக்க அது எந்த அறிவித்தல் பலகையையும்விட நன்றாக வேலை செய்யும்.

இனி யாரிடம் போவது என்பது. உங்கள் பிரதேசத்துக்குரிய அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு இன்றே அறிவியுங்கள். போக முடியாவிட்டால் உங்கள் பகுதிக்கு வரும் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரிடமாவது சொல்லுங்கள். ஆட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போக வேண்டாம், அங்கே வேறு ஆடுகளும் வந்து நிற்கும். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டத்தின்படி இப்படியான தொற்று நோய்களை அறிவிப்பது வளர்ப்பவரின் கடமை. அறிவித்தால் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் பல வீடுகளில் இருப்பதை அறிவேன். அந்தப் பயத்தில் மறைத்து வைத்த பட்டிகளில்தான் நான் மிகப் பிந்திப் போய்ச் சேர்ந்திருக்கிறேன். வைத்தியர் வரும்போது, காய்ச்சல் தொடங்கி ஓரிரண்டு நாளே ஆன ஆடு எது என்று காட்டுங்கள். கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரியும் இரத்தமும் அப்படியான ஆட்டில் இருந்து எடுக்கப்பட்டால்தான் வைரஸ் அகப்படும். சாகக் கிடக்கும் ஆட்டில் பெரும்பாலும் பிந்திவிடும். பொருக்கையும் சேர்த்து, ஐஸ் இட்ட பெட்டியில் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். பேராதனைக்கு அருகில் கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய நோய்களை உறுதிப்படுத்தும் இடம். இன்னுமொரு ஆடு செத்தால் புதைக்க அவசரப்படாமல் முதலில் வைத்தியருக்குச் சொல்லுங்கள். அவர் வயிற்றைத் திறந்து பார்க்கும்போது பெருங்குடலின் உட்சுவரில் வரிக்குதிரையின் கோடுகள்போலச் சிவந்த வரிகள் இருந்தால், அது ஆட்டுக்கொல்லியின் வலுவான அடையாளம். நீங்களாக அறுத்துப் பார்க்க வேண்டாம்; அதிலும் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் வடிந்து செத்த மிருகத்தில் கத்தி வைக்கவே கூடாது.

வைத்தியர் வரும்வரை உங்கள் கையில் இருக்கிற வேலை, குட்டிகளைப் பட்டினியில் இருந்து காப்பது. போன ஆண்டு ஒரு கொட்டிலில் ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தேன். சொண்டு பூக்கோவாபோல வீங்கிய ஒரு குட்டி, தாயின் மடிக்குப் போய் முகர்ந்து, வாயால் கவ்வ முயன்று, வலியில் தலையை உதறிக்கொண்டு பின்வாங்கிற்று. மறுபடி போனபோது தாய் பின்னங்காலால் உதைத்தது. தாயின் முலைக்காம்பைப் பார்த்தால் அங்கேயும் மூன்று கொப்புளங்கள். குட்டியின் வாயில் இருந்து காம்புக்கு ஒட்டியது, காம்பின் வலியால் தாய் குட்டியை அண்ட விடவில்லை, பால் தேங்கி மடி சூடாகத் தொடங்கியிருந்தது. பசியில் கத்துவதற்குக்கூடக் குட்டிக்குப் பலம் இல்லை. உங்கள் இரண்டு குட்டிகளும் இந்த வழியில்தான் போயிருக்கும்.

ஆகவே கையுறையோடு தாயில் பாலைக் கறந்து, இளஞ்சூட்டில் போத்தலிலோ கரண்டியாலோ கடைவாயின் ஓரத்தால் சிறிது சிறிதாக விடுங்கள்; தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும், தலை குட்டியின் முதுகு மட்டத்தில் நிற்கட்டும். நாளைக்கு நான்கு ஐந்து தடவை கொடுங்கள். வயிற்றோட்டம் உள்ளவற்றுக்கு ஜீவனி என்ற உப்புச் சீனித் தூளைக் குழந்தைக்குக் கரைக்கும் அளவிலேயே கரைத்துக் கொடுக்கலாம். வளர்ந்தவற்றுக்கு முள்ளுக் குழையை நிறுத்தி, முள்முருக்கு, பூவரசு, இப்பில் இப்பில் போன்ற மென்மையான குழைகளை வெட்டிப் போட்டு, கஞ்சித் தண்ணீரும் வையுங்கள். பொருக்கை உரித்து எடுக்க வேண்டாம். உரித்தால் இரத்தம் வரும், புண் ஆழமாகும், உரித்த பொருக்கெல்லாம் கொட்டிலில் விதைத்ததுபோல விழும். இளம் ரோஜா நிறத்தில் கரைத்த கொண்டிஸ் (பொற்றாசியம் பெர்மங்கனேற்று) நீரால் துடைத்து, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசினால் இலையான் மொய்க்காது, புழு வைக்காது. வைரசைக் கொல்லும் மருந்து இந்த மூன்று நோயில் எதற்கும் கிடையாது. புண்ணில் சீழ் பிடித்தாலோ நுரையீரலில் சளி கட்டினாலோ அதற்கு வைத்தியர் நுண்ணுயிர் எதிர்ப்பு ஊசி போடுவார். கடையில் கேட்டு வாங்கி நீங்களே போட வேண்டாம், அளவு தவறினால் அடுத்த தடவை தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகும்.

நோயுள்ளவற்றை ஒரு பக்கமும் நன்றாக உள்ளவற்றை ஒரு பக்கமும் பிரித்து, முதலில் நல்லவற்றைப் பார்த்துவிட்டே நோயுள்ளவற்றிடம் போங்கள்; வாளியும் கயிறும் கையுறையும் வேறு வேறாக இருக்கட்டும். இந்த நாட்களில் குளம் வற்றி, நான்கு ஊர்ப் பட்டியும் ஒரே பள்ளத்தில் வாய் வைக்கின்றன. உங்கள் ஆடுகளுக்குக் கொட்டிலிலேயே தண்ணீர் வையுங்கள். கடினமான வேலைதான், 30க்கு மேற்பட்ட வாய்களுக்குக் கிணற்றில் இருந்து சுமப்பது எவ்வளவு என்று தெரிந்தே சொல்கிறேன். எருவுக்காகத் தோட்டக்காரர் எவருக்காவது பட்டி அடைக்க ஒப்புக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஆட்டுக்கொல்லி வைரஸ் வெயிலிலும் வறட்சியிலும் தாங்காது, வெளியில் சில நாட்களில் அழிந்துவிடும். ஓர்ஃப் அப்படியல்ல, உதிர்ந்த பொருக்குக்குள் காய்ந்த இடத்தில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில்கூட உயிர்ப்போடு கிடக்கும். ஆகவே நோய் அடங்கிய பிறகு கொட்டிலின் மேல் மண்ணைச் செதுக்கி, எருவோடு சேர்த்துத் தூரத்தில் குவித்து எரித்து, தரைக்கும் கட்டைகளுக்கும் சுண்ணாம்பு அடியுங்கள்.

தடுப்பூசி எடுப்பித்துத் தருவதாகச் சொன்னவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது உயிருள்ள, வலுக்குறைத்த வைரசைக் கொண்ட ஊசி. குளிரில் வைத்தே கொண்டுவர வேண்டும், கரைத்தால் சிறிது நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பயணப் பையில் சூடாகி வந்த குப்பியில் பலன் எதுவும் மிஞ்சியிராது. அதைப் போட்டால், போட்டுவிட்டோம் என்ற நம்பிக்கை மட்டுமே மிஞ்சும். குளிர் குறையாமல் வந்து சேர்ந்தாலும் இன்னொரு கெடுதல் இருக்கிறது: வழமையான பி.பி.ஆர். தடுப்பூசி போட்ட ஆட்டின் இரத்தத்தையும் நோய் வந்து தேறிய ஆட்டின் இரத்தத்தையும் சோதனையில் பிரித்தறிய முடியாது, உங்கள் பட்டியில் நோய் இருந்ததா இல்லையா என்பதையே பிறகு எவராலும் சொல்ல முடியாமல் போகும். அந்தத் தடுப்பூசி நல்லதுதான். ஒரு தடவை போட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் காக்கும். 2030ஆம் ஆண்டுக்குள் அந்த நோயை உலகத்தில் இருந்தே ஒழிப்பது என்று 2015ஆம் ஆண்டில் சர்வதேச நிறுவனங்கள் குறித்த இலக்கும் அந்த ஊசியை நம்பித்தான். ஆனால் எங்கே, எப்போது, எந்த ஆட்டுக்குப் போடுவது என்பதை அரச கால்நடைச் சேவை தீர்மானிக்க வேண்டும்.

பால் விடயத்தில், ஆட்டுக்கொல்லி, கால்வாய் நோய், ஓர்ஃப் எதுவும் கொதிக்க வைத்த பாலில் வராது. நன்றாகப் பொங்கக் காய்ச்சிப் பேரனுக்குக் கொடுக்கலாம். மடி சூடாகி வீங்கிய மறியின் பாலையும், ஊசி போட்ட மறியின் பாலை வைத்தியர் சொல்லும் நாட்கள்வரையும் கொடுக்க வேண்டாம். இந்தக் குட்டிகளுக்கே பால் போதாமல் இருக்கும்போது முதற்பங்கு அவற்றுக்குப் போகட்டும். செத்த ஆட்டின் இறைச்சியை எவருக்கும் கொடுக்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள்; கிணற்றுக்கும் குளத்துக்கும் தூரமாக, ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு நமது மாகாணத்தின் பழைய அனுபவம் ஒன்று காரணம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாட்டில் இல்லாதிருந்த மாட்டு வெக்கை நோய் 1987ஆம் ஆண்டில் மறுபடி நுழைந்தது. இந்திய அமைதிப்படையின் இறைச்சித் தேவைக்காகக் கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது வந்தது என்றே கால்நடை மருத்துவப் பதிவுகள் சொல்கின்றன. மாட்டைக் கொல்லும் வைரசை ஆடு சுமந்து வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் செத்தன. இங்கிருந்து அந்நோய் முற்றாக மறைவதற்கு 1994 வரை சென்றது. அதன் பிறகு 2011ஆம் ஆண்டிலேதான் உலகமே அந்த நோயில் இருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அரை விலைக்கு ஏற்றப்படும் ஒரு பட்டி எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள். நன்றாகத் தெரிபவை கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ இன்னொரு பெண்ணின் கொட்டிலுக்குப் போகும், உங்களுக்கு வந்த அந்த இரண்டு மறிக்குட்டிகளைப் போலவே. ஆட்டுக்கொல்லி வைரஸ் உடம்புக்குள் புகுந்து நான்கு முதல் ஆறு நாட்கள்வரை எதையும் காட்டாமல் இருக்கும். ஏற்றும்போது நல்ல ஆடாகவே தெரியும்.

உங்களுக்கு வரும் நட்டத்தை நான் அறியாமல் சொல்லவில்லை. போருக்குப் பின்னர் வாழ்வாதார உதவியாகக் கிடைத்த இரண்டு மூன்று மறிகளை வைத்து இருபது முப்பதாகப் பெருக்கிய குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் வீடும் அப்படியொன்றாக இருக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். இது ஓர்ஃப் என்றால், மூன்று நான்கு கிழமையில் பொருக்கு தானாக விழுந்து, பால் ஊட்டிக் காப்பாற்றிய குட்டிகள் தேறிவிடும். கார்த்திகை மழைக்கு முன்னரே உங்கள் பட்டி முழு விலைக்கு நிற்கும். அந்த ஆடுகளை நீங்கள் இன்று அரை விலைக்குக் கொடுத்தால், நோயை அறிந்த வியாபாரிக்கு மட்டுமே இலாபம். இது ஆட்டுக்கொல்லி என்றால், ஏற்றுவதே மிகப் பெரிய கெடுதல்.

வியாபாரி வந்தால், ஆடு கொடுப்பதில்லை என்று படலையில் நின்றே சொல்லி அனுப்புங்கள், லொறியை வளவுக்குள் விடாதீர்கள். அதன் தட்டில் வேறு எத்தனை ஊர்ச் சளியும் சாணமும் ஒட்டியிருக்கும் என்று தெரியாது. மூன்று கிழமைக்கு முன்னர் அந்த இரண்டு குட்டிகளை எந்த ஊரில் ஏற்றினார் என்று மட்டும் அவரிடம் கேட்டு, சொல்லும் ஊரின் பெயரை எழுதி வைத்து, வைத்தியர் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கடதாசியை அவரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
மிருக வைத்தியர்